சரக்கை யாரிடம் ஒப்படைப்பது?

கொள்முதல் ஒரு கலை. விற்பனை மற்றொரு கலை. இவ்விரண்டிலும் நம்மவர்க்குப் பிறர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துத் துணிக்கடைக்காரர் துணியைத் தொட்ட மாத்திரத்தில் நூலின் தரத்தைச் சொல்லிவிடுவார். செந்தூல் பசாரில் மளிகை வைத்திருப்பவர் மிளகாயை முகர்ந்த அளவில் அது எத்தனை மாதச் சரக்கு என்பதைச் சொல்லிவிடுவார். ஆனால் விற்ற பொருளை, வாங்கியவருடைய வீட்டு வாசலில் கொண்டு சேர்க்கும் வேலை ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி நாம் சிந்திப்பது மிகக் குறைவு. "எவனாவது ஒருவன் கொண்டுபோய்க் கொடுப்பான்" என்று விட்டுவிடுகிறோம். அந்த 'எவனாவது ஒருவன்' யார், அவனை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

முற்காலத்தில் இக்கேள்வி எழவில்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (1972 முதல் அது போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று போய் வந்து கொண்டிருந்தது. அதன்பின் சிதம்பரம் கப்பல் ஓடியது. 1984ஆம் ஆண்டுத் தீ விபத்தோடு அதுவும் நின்றது. அந்தக் கப்பல்களில் ஊருக்குப் போகிறவர் கையில் கைலி, சென்ட்டு, பிஸ்கட் டின், கடிதம் எல்லாம் கொடுத்தனுப்புவார்கள். வருகிறவர் கையில் மருந்தும் மாவும் கருவாடும் வந்து சேரும். கொண்டு போகிறவர் யார்? ஊர்க்காரர்; சம்பந்தி முறை; இல்லையென்றால் பக்கத்துத் தெரு. பொருள் தவறினால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்கலாம். அதற்குப் பயந்தே பொருள் தவறாமல் போயிற்று என்றும் சொல்லலாம். அமானிதம் என்ற சொல்லுக்கு அன்றைக்கு ஒரு முகமும் ஒரு விலாசமும் இருந்தன.

இன்று நம்முடைய பொட்டலத்தை எடுத்துப் போகும் இளைஞரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் கொண்டுபோய்ப் போடும் கிடங்கு ஷா ஆலத்திலா சுபாங்கிலா என்பதும் தெரியாது. அங்கிருந்து அது லோரி மாறி, கை மாறி, கோத்தா பாருவில் ஒரு கம்பத்து வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. நடுவில் எத்தனை கைகள்! முகம் பார்த்து நம்பும் வழி அடைபட்டுவிட்டபடியால், விசாரித்து நம்பும் வழியை நாம் கற்றுக் கொண்டாக வேண்டும்.

செந்தூலுக்கு இது சிறப்பாகப் பொருந்தும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ரயில்வே பட்டறை எழுந்த காலந்தொட்டு, சரக்கு என்றால் ரயில், ரயில் என்றால் செந்தூல் என்று இருந்தது. இன்று பட்டறையும் இல்லை. அந்த நிலத்தில் பூங்காவும் நாடக அரங்கும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. ஆனால் சரக்குப் போக்குவரத்து மட்டும் நின்றுவிடவில்லை. அடுக்குமாடி வீடுகளின் உள்ளே புகுந்துவிட்டது! பதினோராம் மாடியில் ஒரு சகோதரி மசாலாத் தூள் அரைத்துப் பொட்டலம் கட்டுகிறார். கீழ்மாடியில் ஒருவர் துடோங்கும் ஜிப்பாவும் தைத்து விற்கிறார். கடையில்லை, பெயர்ப் பலகையில்லை. கைத்தொலைபேசியில் ஆர்டர் வருகிறது. சபாவுக்கும் சரவாக்குக்கும் சரக்குப் போகிறது. இத்தகைய வியாபாரிக்குக் கடை வாசல் என்பதே அந்தக் கூரியர்க்காரருடைய மோட்டார் சைக்கிள்தான். அவர் தாமதித்தால் கடை தாமதித்ததாகும். அவர் கடுகடுத்தால் கடைக்காரர் கடுகடுத்ததாகும்.

ஓர் உதாரணம் சொல்வோம். மாப்பிள்ளைக்குத் தைத்த ஷெர்வானி வியாழனன்று அனுப்பப்படுகிறது. நிக்காஹ் ஞாயிறு. உடை வந்து சேர்வது திங்கள். அந்த வீட்டார் யாரைக் கடிந்து கொள்வார்கள்? கூரியர் கம்பெனியின் பெயர் கூட அவர்களுக்கு நினைவிராது. தையல்காரர் பெயர் மட்டும் அந்தக் குடும்பத்தில் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு நினைவிருக்கும்.

இந்தத் தொழில் வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். 1969இல் அமெரிக்காவில் மூவர் சேர்ந்து, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலுவுக்குக் கப்பல் சரக்குக்குரிய காகிதங்களை விமானத்தில் கையோடு எடுத்துப் போகத் தொடங்கினர். கப்பல் வந்து சேருமுன் காகிதம் சேர்ந்துவிட்டால் சுங்கவேலை முடிந்துவிடும் என்பது அவர்கள் கண்ட சூட்சுமம். அம்மூவரின் பெயர்களின் முதலெழுத்துக்களே டி.எச்.எல். ஆயின. நம் நாட்டில் சிட்டி-லிங்க் 1979இலும், தபால் இலாகாவின் போஸ் லாஜூ 1988இலும், ஜிடி எக்ஸ்பிரஸ் 1997இலும் தோன்றின. பின்னர் கைத்தொலைபேசி வியாபாரம் பெருகவே நிஞ்சா வேன், ஜே அண்டு டி போன்ற வெளிநாட்டுப் பெயர்களும் வந்தன. 2020ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற கம்பெனிகள் நூற்றுக்கு மேற்பட்டுவிட்டன. போட்டி அளவு மீறுகிறதென்று அரசாங்கம் புதிய உரிமம் கொடுப்பதை அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. தமிழகத்தில் இத்தொழிலில் பெயர் பெற்ற எஸ்.டி. கூரியர் நிறுவனம், இராமநாதபுரம் தொகுதியில் 2019இலும் 2024இலும் வெற்றி பெற்ற நாடாளுமன்ற உறுப்பினர் கே. நவாஸ்கனி அவர்களுடையது என்பதும் இங்கு நினைவு கூரத் தக்கது. பொட்டலம் சுமப்பது சிறு தொழில் என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பாராக.

நிற்க. நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரை எவ்வாறு பொறுக்குவது?

முதற்கேள்வி உரிமம். 2012ஆம் ஆண்டுத் தபால் சேவைச் சட்டத்தின்படி, இந்நாட்டில் கூரியர் நடத்துவோர் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்திலும் வகைகள் உண்டு. வெளிநாடுவரை அனுப்ப அனுமதி பெற்றவர்களும் இருக்கிறார்கள், குறுகிய எல்லைக்குள் மட்டும் தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆதலால் "உரிமம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எந்த எல்லைவரை?" என்றும் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நம்மிடம் மாவு வாங்குகிறவர் ஹலால் முத்திரை எங்கே என்று கேட்டால் நாம் கோபிக்கிறோமா?

இதிலே மறைந்திருக்கும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும. இப்போது தெருவுக்குத் தெரு பொட்டலம் வாங்கும் கடைகள் இருக்கின்றன. ஒரே கடையில் ஐந்தாறு கம்பெனிகளின் படம் ஒட்டியிருக்கும். பணத்தையும் பெட்டியையும் வாங்கிக் கொள்பவர் ஏஜெண்டு. எடுத்துச் செல்வது வேறொரு கம்பெனி. பெட்டி காணாமற் போனால் ஏஜெண்டு கம்பெனியைக் காட்டுவார். கம்பெனி, "எங்கள் கைக்கு வந்ததாகப் பதிவே இல்லையே" என்று சொல்லும். ஆகவே பெட்டியைக் கொடுத்த அந்த இடத்திலேயே, எந்தக் கம்பெனியின் சரக்குச் சீட்டு ஒட்டப்படுகிறது என்று பார்த்து, அச்சீட்டின் எண்ணைப் படமெடுத்துக் கொண்டு, நாளும் நேரமும் உள்ள ரசீது வாங்க வேண்டும். "நாளைக்குச் சீட்டு அனுப்புகிறேன்" என்று சொல்லும் கடையில் பெட்டியை வைத்துவிட்டு வருவது, கணக்கெழுதாமல் கடன் கொடுப்பதற்குச் சமம்.

அடுத்தது நம் சரக்கை நாமே அறிவது. கம்பெனியைக் குறை சொல்லுமுன் பெட்டியை அளந்து பார்க்க வேண்டும். கூரியர்க்காரர் இரண்டு விதமாக எடை பார்க்கிறார்: தராசில் நிற்கும் எடை ஒன்று, பெட்டி அடைத்துக் கொள்ளும் இடத்தை எடையாக்கிய கணக்கு மற்றொன்று. இவ்விரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, சிலர் 5000ஆலும் சிலர் 6000ஆலும் வகுப்பார்கள். முறுக்கு அடைத்த பெட்டி ஒன்று 50, 40, 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பெருக்கினால் 60,000. 5000ஆல் வகுத்தால் 12 கிலோ. 6000ஆல் வகுத்தால் 10 கிலோ. தராசிலோ முறுக்கு 5 கிலோதான் நிற்கும். ஏழு கிலோக் காற்றுக்குக் கூலி கொடுக்கிறோம்! அதே முறுக்கை நெருக்கி அடுக்கி 40, 30, 25 அளவுள்ள பெட்டியில் வைக்க முடிந்தால் கணக்கு 30,000. அதாவது 6 கிலோ. கூலி பாதியாய் விடுகிறது. பஞ்சுத் தலையணை, தொப்பி, பிளாஸ்டிக் சாமான், முறுக்கு, அப்பளம் விற்பவர்கள் கம்பெனியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "வகுப்பது எத்தனையால்?" என்பதுதான். அரிசியும் புத்தகமும் விற்பவருக்கு இக்கவலை இல்லை. தராசே அவருக்கு நீதிபதி.

கூலிப் பட்டியலைப் படிப்பதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். உதாரணமாக, ஒரு கம்பெனி ஒரு கிலோவுக்கு 6 வெள்ளி என்கிறது. மற்றொன்று 6 வெள்ளி 80 காசு என்கிறது. முதலாவது மலிவு என்று ஓடிவிடலாமா? அந்த 6 வெள்ளிமேல் எரிபொருள் கூடுதல் 10 விழுக்காடு என்று அடியில் சிறிய எழுத்தில் இருக்கும்; 6.60 ஆயிற்று. அதன்மேல் சேவை வரி 6 விழுக்காடு. ஏறக்குறைய 7 வெள்ளி. (2024 மார்ச்சில் பொதுவான சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் சரக்கு அனுப்பும் சேவைகளுக்கு 6ஆகவே நிறுத்தப்பட்டது.) இரண்டாவது கம்பெனி எல்லாம் அடக்கி 6.80 என்றால் அதுவே மலிவு. உட்பகுதி ஊர்களுக்கென ஒரு கூடுதல், வீட்டுக்கு வந்து எடுக்க ஒரு கூடுதல், மாதத்துக்கு இத்தனை பெட்டி குறையாமல் கொடுக்க வேண்டுமென்ற நிபந்தனை என்று இன்னும் பல இருக்கக் கூடும். கையில் வரும் பில்லின் கடைசி வரியை ஒப்பிட வேண்டும். விளம்பரத்தின் முதல் வரியை ஒப்பிட்டுப் பயனில்லை.

இனி விரைவு. இதிலே நம் கருத்து சிலருக்குப் பிடிக்காமற் போகலாம். இரண்டு நாள் என்று சொல்லி ஒருமுறை ஒரு நாளிலும் மறுமுறை ஐந்து நாளிலும் கொண்டு சேர்ப்பவரைக் காட்டிலும், மூன்று நாள் என்று சொல்லி ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாள் சேர்ப்பவரையே நாம் தேர்ந்தெடுப்போம். ஏனெனில், வாடிக்கையாளருக்கு நாம் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முன்னவரை நம்பி எந்த வாக்கும் கொடுக்க முடியாது.

இதனை எப்படிச் சோதிப்பது? கடைக்காரர்களுடைய சொல்லையோ தொலைபேசியில் பிறர் எழுதும் புகழ்ச்சி இகழ்ச்சியையோ கேட்டு முடிவு செய்தல் கூடாது. கோபம் வந்தவனே அதிகம் எழுதுவான். திருப்தி அடைந்தவன் பேசாமல் போய்விடுவான். நாமே பரீட்சை வைக்க வேண்டும். இரண்டு கம்பெனிகளை எடுத்துக் கொண்டு, ஆளுக்குப் பத்துப் பெட்டி வீதம் ஒரே நாளில் அனுப்புங்கள். கிள்ளானுக்கு ஒன்று, ஜொகூர் பாருவுக்கு ஒன்று, கோத்தா பாருவுக்கு ஒன்று, கூச்சிங்குக்கு ஒன்று. பகாங்கிலோ பேராக்கிலோ ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்துக்கு அவசியம் ஒன்று. பட்டணத்தில் எல்லாருமே கெட்டிக்காரர்கள். தோட்டத்துக்குப் போகும் மண்சாலையில்தான் தரம் தெரியும். பெட்டிக்குள் ஓர் எளிதில் உடையும் கோப்பையை வைத்து அனுப்பினால் கையாளும் விதமும் தெரிந்துவிடும். கொடுத்த நாள், சேர்ந்த நாள், பெட்டியின் நிலை, கொண்டுவந்தவர் முன்கூட்டிப் பேசினாரா என்பவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். இதே சோதனையைப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் மற்றொரு முறை செய்தால், அதன் மதிப்பு பத்து மடங்கு. இருபது பெட்டிக்கு ஆகும் செலவு இருநூறு வெள்ளி அளவில் இருக்கலாம். ஒரு நல்ல வாடிக்கையாளரை இழப்பதைவிட அது சல்லிசு.

சேராத பெட்டிகளில் ஒரு பங்குக்கு நம்முடைய விலாசமே காரணம் என்பதையும் ஒப்புக் கொள்ள வேண்டும். கூரியர் கிடங்கில் பெட்டியைப் பிரிப்பது தபால் எண்ணைக் கொண்டுதான். செந்தூலுக்கு 51000 என்று எழுத வேண்டிய இடத்தில் ஓர் இலக்கம் மாறினால் பெட்டி வேறு கிடங்கைச் சுற்றிவிட்டு வரும். ஜாலான் ஈப்போவின் ஒரு பகுதி 2014இல் ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா ஆயிற்று. பழைய வாடிக்கையாளர்கள் இன்னும் பழைய பெயரையே எழுதுகிறார்கள். புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் புதிய பெயரையே தேடுகிறார். இரண்டையும் எழுதிவிட்டால் தொல்லை தீர்ந்தது. இந்தோனேசியாவில் போகோருக்கு அருகிலும் ஒரு செந்தூல் இருக்கிறது; மோட்டார் பந்தயத் திடலால் பெயர் பெற்ற ஊர் அது. வெளிநாட்டிலிருந்து வருவிக்கிறவர்கள் நாட்டின் பெயரைத் தெளிவாகப் போடும்படி சொல்ல வேண்டும்.

நம் பெயர்களாலும் ஒரு வேடிக்கை நேர்வதுண்டு. ஓர் அடுக்குமாடியில் முகமது என்ற பெயருக்கு நாற்பது பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயரை முதலெழுத்தாகப் போட்டுக் கொண்டவரைக் கூரியர்க்காரர் தகப்பனார் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார். காவலாளி "அப்படி ஒருவர் இல்லை" என்று அனுப்பிவிடுவார். புளோக், மாடி, வீட்டு எண், கைத்தொலைபேசி எண் நான்கும் இல்லாத விலாசத்தை ஏற்றுக் கொள்வதில்லை என்று நாமே கண்டிப்பாயிருப்பது நலம்.

பெட்டி எங்கே இருக்கிறது என்று எண்ணைத் தட்டிப் பார்க்கும் வசதியை இன்று எல்லாக் கம்பெனிகளும் கொடுக்கின்றன. அதிலே கவனிக்கற்பாலது, ஒவ்வொரு கட்டத்திலும் குறிப்பு விழுகிறதா என்பதாகும். கிடங்கில் நுழைந்தது, புறப்பட்டது, அடுத்த ஊர் சேர்ந்தது, வீட்டுக்குக் கிளம்பியது என்று வரிசையாக வந்தால் அந்த நிர்வாகம் ஒழுங்கானது. மூன்று நாள் ஒரே வரி நின்றால், பெட்டி எங்கேயோ ஒரு மூலையில் நிற்கிறது என்று பொருள். "வந்தோம், வீட்டில் ஆளில்லை" என்ற குறிப்பு, வீட்டில் ஆள் இருக்கும்போதே அடிக்கடி விழுமானால் அந்தக் கம்பெனியை விட்டுவிடலாம். ஆனால் ஒரு சொல் நியாயத்துக்காகவும் சொல்ல வேண்டும். பல இடங்களில் அந்த இளைஞருக்குப் பெட்டிக் கணக்கில்தான் கூலி. மின்தூக்கி கெட்டுப் போன கட்டடத்தில் பதினோராம் மாடி ஏறி, தட்டித் தட்டிக் கதவு திறக்காமல் இறங்கினால் அவருக்கு அன்று நட்டம். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கடையைச் சாத்திவிட்டுப் போகிற நாம், அந்நேரத்தில் எடுக்க வரவேண்டாமென்று முன்னரே சொல்லி வைப்பது மரியாதை.

பொருளைக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கி வரும் முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம்மில் சிறு முதல் போட்டவர்கள் தவறி விழும் பள்ளம் இதுவேயாகும். வாங்குகிறவருக்கு இது நம்பிக்கை. ஆகவே விற்பனை கூடும். விற்பவருக்கோ முதல் முடக்கம். நாளொன்றுக்கு 20 பெட்டி, பெட்டி 60 வெள்ளி என்றால் தினம் 1,200 வெள்ளிச் சரக்கு வெளியே போகிறது. வசூலான பணத்தைக் கம்பெனி பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கொடுக்கும் என்றால், எந்த நாளிலும் 14,400 வெள்ளி நம் கையில் இல்லாமல் அவர்கள் கையில் இருக்கும். சின்னக் கடைக்கு அது ஒரு மாத வாடகையும் கொள்முதலும் அல்லவா? கம்பெனியே நொடித்துப் போனால் அத்தொகைக்கு நாம் கடன்காரர் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான். வாரத்தில் எந்தக் கிழமை பணம் வரும், ஒவ்வொரு பெட்டிக்கும் கணக்கு வருமா, மொத்தமாக ஒரு தொகை மட்டும் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திரும்பி வரும் பெட்டியும் ஒரு செலவு. வாங்கச் சொன்னவர் மனம் மாறி "வேண்டாம்" என்றால் போக்குக் கூலியும் வரவுக் கூலியும் நம் தலையில் விழும் ஏற்பாடுகள் உண்டு. கூலி 8 வெள்ளி, செலவு போக லாபம் 12 வெள்ளி என்று வைத்துக் கொள்வோம். நூற்றில் 15 திரும்பினால், 85 பெட்டியின் லாபம் 1,020, 15 பெட்டிக்கு இருவழிக் கூலி 240, மிஞ்சுவது 780. நூறும் விற்றுவிட்டோம் என்று மகிழ்ந்தவருடைய கணக்கில் 1,200 இருந்திருக்கும். புதியவர்களிடம் பெட்டி கட்டுமுன் தொலைபேசியில் ஒருமுறை பேசி உறுதி செய்து கொள்வதும், விலை உயர்ந்த பொருளுக்கு ஒரு பகுதியை முன்பணமாக வாங்குவதும் திரும்பும் பெட்டிகளைக் குறைக்கும்.

பெட்டி உடைந்தால் அல்லது தொலைந்தால் யார் பொறுப்பு? சரக்குச் சீட்டின் பின்புறத்தை எவரும் படிப்பதில்லை. கம்பெனி கொடுக்கும் நட்ட ஈட்டுக்கு ஓர் உச்ச அளவு அங்கே அச்சிடப்பட்டிருக்கும். நூறு, இருநூறு வெள்ளி என்று நின்றுவிடுவதும் உண்டு. 900 வெள்ளிப் பட்டுச் சேலையை அதற்குள் அனுப்பினால் மிச்சத்துக்கு நாமே ஜாமீன். அதற்கு மேல் மதிப்புள்ள சரக்குக்குக் கூடுதல் காப்புறுதி எடுக்க வேண்டும். எடுக்கும்போது உண்மையான விலையை எழுத வேண்டும். கூலியைக் குறைக்க 50 வெள்ளி என்று எழுதிவிட்டுப் பின்னர் 900 கேட்பவருக்கு வழக்கும் இல்லை, வாதமும் இல்லை. தங்க நகை, ரொக்கம், பாஸ்போர்ட் ஆகியவற்றைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதே இல்லை. மறைத்து அனுப்பினால் நட்ட ஈடும் கிடையாது. அத்தர், சென்ட்டு, பவர் பேங்க் போன்றவை தீப்பற்றக் கூடியவையாகக் கருதப்படுபவை. விமானத்தில் ஏறும் பெட்டியில் இவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. உள்ளே இருப்பதைக் கேட்காமலே வாங்கிக் கொள்ளும் ஏஜெண்டு நமக்கு உபகாரம் செய்வதாக எண்ணிவிடக் கூடாது.

சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது; வியாபாரிகள் பலர் இதனை அறியார். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை மன்றம், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50,000 வெள்ளிவரையுள்ள புகார்களை விசாரிக்கிறது. அது சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர்களுக்காக ஏற்பட்ட மன்றம். நம்மிடம் வாங்கியவர் "பொருள் வரவில்லை" என்று நம்மை அங்கே அழைக்கலாம். வியாபாரத்துக்காகக் கூரியரை அமர்த்திக் கொண்ட நாம் அதே வழியில் கம்பெனியை அழைக்க முடியும் என்று எண்ணியிருக்க வேண்டாம். இருபக்கமும் அடி விழும் மத்தளம் நாம். ஆகையால்தான் கம்பெனியோடு செய்து கொள்ளும் ஏற்பாட்டை வாய்ச் சொல்லில் விடாமல் எழுத்தில் வைத்துக் கொள்ள வேண்டுமென்று இவ்வளவு வற்புறுத்துகிறோம். பெட்டி கட்டுமுன் உள்ளே இருப்பதை ஒரு படம், கட்டியபின் ஒரு படம், தராசில் வைத்து ஒரு படம். விற்பனை ரசீதின் நகல். இவை நான்கும் இருந்தால் கோரிக்கையில் பலம் இருக்கும். உடைந்ததைத் தெரிவிக்கச் சில கம்பெனிகள் கொடுக்கும் தவணை மிகக் குறைவு; அந்த நாட்களைச் சீட்டில் பார்த்துக் கோடிட்டுக் கொள்ளுங்கள். கம்பெனியிடம் முதலில் எழுத்து மூலம் புகார் செய்து, பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு எழுதலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகலாகவே இருக்கும்.

தொலைதூரம் அனுப்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சபா, சரவாக்குக்கு விமானத்திலும் அனுப்பலாம், கப்பலிலும் அனுப்பலாம். கூலியில் பெரிய வித்தியாசம், நாளிலும் பெரிய வித்தியாசம். மசாலாத் தூள் கப்பலில் போகலாம். நிக்காஹ் உடை போகலாகாது. லங்காவியும் லாபுவானும் வரிவிலக்குத் தீவுகள். அங்கிருந்து தீபகற்பத்துக்கு வரும் சரக்கு சுங்கத்தைக் கடந்தே வரும். சிங்கப்பூருக்கு விமானத்திலோ தபாலிலோ போகும் பொட்டலம் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்பட்டால் அங்கே இறக்குமதியின்போது பொருள் சேவை வரி விழும். 2024 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு. ஊருக்கு அன்பளிப்பாக அனுப்புகிற பொட்டலத்துக்கு ஐயாயிரம் ரூபாய்வரை இந்தியா கொடுத்துவந்த வரிச் சலுகை 2019 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. "பரிசு" என்று எழுதிவிட்டால் வரியில்லை என்று இன்னும் சொல்லித் திரிகிற ஏஜெண்டுகளை நம்பி, வாங்குகிறவர் தலையில் வரியைக் கட்டி வைக்காதீர்கள்.

இத்தனையும் பார்த்தபின் ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தோம் என்று வைத்துக் கொள்வோம். அப்போதும் எல்லாச் சரக்கையும் அந்த ஒருவர் கையிலேயே கொடுத்துவிடாதீர்கள். பத்தில் எட்டை அவரிடமும் இரண்டை மற்றொருவரிடமும் கொடுத்து வந்தால், ஒரு கிடங்கு வெள்ளத்தில் மூழ்கினாலும், ஆள் பற்றாக்குறையால் நின்றாலும், மறுநாளே மாற்றிக் கொள்ளலாம். புதிதாகப் போய்க் கணக்குத் திறக்க நாளாகும். பழகிய இரண்டாமவர் உடனே வருவார். கோலாலம்பூருக்குள்ளேயே, கிள்ளான் பள்ளத்தாக்குக்குள்ளேயே அன்றைக்கன்று சேரவேண்டிய உணவுப் பொருளுக்கும் கேக்குக்கும் மோட்டார் சைக்கிளில் நேரே எடுத்துப் போகும் சேவைகள் இருக்கின்றன. அவற்றில் பெட்டி கிடங்குக்குப் போவதில்லை. தூரத்துக்குத் தக்க கூலி. செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு அவ்வழி பொருந்தும். கிள்ளானுக்கு நான்கு பெட்டி சேர்ந்தால் நாமே ஒரு வேனில் கொண்டுபோவது லாபமா என்றும் கணக்குப் பார்க்கலாம்.

பெருநாள் காலம் ஒன்று மிச்சமிருக்கிறது. நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் பலகாரமும் உடையும் ஒரே நேரத்தில் கிடங்குகளில் வந்து குவியும், தீபாவளிக்கும் அப்படியே. ஓட்டுநர்களும் பெருநாளைக்கு ஊர் போக விடுமுறை எடுப்பார்கள். கம்பெனிகள் தாங்கள் பெட்டி வாங்குவதை எந்த நாளோடு நிறுத்துகின்றன என்பதை முன்கூட்டியே அறிவிக்கும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி மூன்று நாளைக் கழித்து, நம் வாடிக்கையாளருக்குக் கடைசி நாள் என்று சொல்ல வேண்டும். சபா, சரவாக்குக்கு ஒரு வாரம் கழிக்க வேண்டும். நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே வருவதால், சென்ற ஆண்டு எழுதி வைத்த தேதியை அப்படியே எடுத்து இவ்வாண்டுக்கு ஒட்ட முடியாது. பிறை நாட்காட்டியைப் பார்த்துப் புதிதாகக் கணக்கிட்டு, ஷஃபான் மாதத்திலேயே அத்தேதியைக் கடையிலும் கைத்தொலைபேசியிலும் எழுதிப் போட்டுவிட வேண்டும்.